பெயர் இல்லாத பதினான்கு பேர்

பெரம்பூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் 'பட்டாளம்' என்ற சொல் முதலில் ஓர் இடத்தின் பெயராகத்தான் அறிமுகமாகிறது. ஓட்டேரியிலிருந்து புளியந்தோப்புக்குப் போகும் வழியில் ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு மார்க்கெட், நெரிசல். அதை ஒட்டிப் போகும் சாலைக்குப் பெரம்பூர் பேரக்ஸ் ரோடு என்று பெயர். பேரக்ஸ் என்றால் சிப்பாய்கள் தங்கியிருந்த கட்டடம் என்பதும், பட்டாளம் என்றால் படை என்பதும் எல்லோருக்கும் தெரிந்தவைதாம். ஆயினும் அவ்வழியே பல ஆண்டுகள் போய்வந்த எனக்கு, அந்தச் சிப்பாய்கள் யார், எங்கிருந்து வந்து எங்கே போய் மாண்டார்கள் என்ற கேள்வி ஒருமுறைகூட எழவில்லை. எழுந்தது வேலூரில்.

வேலூர் லாங் பஜாரில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. மூட்டைகளும் கைவண்டிகளும் நெருக்கும் கடைவீதி. மணிக்கூண்டில் பதித்த கல்லில் ஆங்கிலத்தில் சில வரிகள். இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் 14 பேர் தம் உயிரை ஈந்தார்கள் என்பது அதன் பொருள். அவ்வளவே. முதலில் என்னை உறுத்தியது 'கிராமம்' என்ற சொல். கோட்டையும் சிப்பாய்ப் புரட்சியும் கண்ட வேலூரைக் கிராமம் என்று எழுதியவர் யார்? பஞ்சாபிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் முதல் உலகப்போருக்குப்பின் பதிக்கப்பட்ட கற்கள் பல இதே வாசகத்தைத் தாங்கி நிற்பதைப் பின்னர் அறிந்தபோது விளங்கியது. வாசகம் ஒன்றுதான். ஊருக்கு ஊர் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

பதினான்கு பேர். எந்தத் தெருக்காரர்கள், யார் வீட்டுப் பிள்ளைகள், எந்தக் கடலைத் தாண்டிப் போய் எந்த மண்ணில் விழுந்தார்கள் என்பது கல்லில் இல்லை. பதினான்கு பெயரைப் பொறிக்க இடமில்லாமல் போய்விடவில்லை.

பெரம்பூருக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு உண்டு. 1876இல் தொடங்கிய பக்கிங்ஹாம் மில்லும் 1881இல் தொடங்கிய கர்நாடிக் மில்லும் சேர்ந்துதான் பிற்காலத்தில் 'பி அண்ட் சி மில்' என்று வடசென்னை வாய்க்குப் பழகிய ஆலை. பின்னி கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்த இந்த ஆலைகளின் காக்கித் துணிக்குத் தனிப் பெயர் இருந்தது. வெயிலுக்கும் வியர்வைக்கும் சாயம் போகாத அந்தக் காக்கி, படைக்குப் போனது. செங்கற்பட்டு, வடஆர்க்காடு மாவட்டக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் தறியில் நின்றன. அதே கிராமங்களிலிருந்து வேறு சில பிள்ளைகள் பெங்களூருக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். அண்ணன் நெய்ததைத் தம்பி உடுத்தினான் என்று எழுதினால் அது கதையாகிவிடும். அப்படி ஒரு வீடேனும் இருந்திருக்காது என்று எண்ணவும் மனம் ஒப்பவில்லை.

1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சி, தலைவர் பி.பி. வாடியா, திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். தொழிற்சங்க வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி இது. அதிகம் சொல்லப்படாத ஒன்றும் உண்டு. அந்த 1918இல் ஆலையில் நெருக்கடி முற்றியபோது வேலைநிறுத்தம் வேண்டாம் என்று தடுத்தவர் வாடியாவே. முதலாளியின் பையில் கை வைப்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. களத்தில் நிற்கும் சிப்பாய்க்கு உடுக்கத் துணி இல்லாமல் போய்விடக்கூடாது என்பதே அவர் சொன்ன காரணம். நாள் முழுதும் தறியில் நின்று, கஞ்சி குடிக்கவும் நேரம் போதாமல் ஓடிய மனிதர்களிடம் இது சொல்லப்பட்டது. அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். பெரம்பூர்த் தொழிலாளி தன் கோபத்தைச் சிப்பாய்க்காகத் தள்ளிவைத்தான். அந்தச் சிப்பாயின் பெயரை எங்கும் எழுதி வைக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

போர் சென்னைக்கே ஒருமுறை வந்ததுண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' என்ற ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்தருகே வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. குண்டு விழுந்த இடத்தில் உயர்நீதிமன்றக் கிழக்கு மதிலில் கல் இருக்கிறது. மொழியிலும் ஒரு சொல் இருக்கிறது. 'அவன் சரியான எம்டன்' என்று இன்றும் பேசுகிறோம். அரைமணி நேரம் சுட்டுவிட்டு ஓடிய எதிரிக் கப்பலுக்குத் தமிழில் நிலைத்த பெயர் கிடைத்துவிட்டது.

போனவர்கள் யார் என்று பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைத்தலைமைக்கு 'வீர இனம்' என்றொரு கொள்கை பிடித்துக்கொண்டது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய் போருக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டியவர். சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. சில, பெயரே மாறிப் பஞ்சாபியப் படைகளாயின. வெட்டுக்குத் தப்பியவற்றுள் முதன்மையானது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பாலம் கட்டுவது, சாலை போடுவது, பதுங்குகுழி தோண்டுவது, கண்ணி வைப்பது, எடுப்பது ஆகியன இவர்கள் வேலை. சாதி பார்த்துச் சமைக்காத, மண்வெட்டி பிடிக்கக் கூசாத பிரிவு என்று ஆங்கிலேய அதிகாரிகளே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பெருமைக்குப் பின்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் பறையர் சமூகத்து இளைஞர்களும் கிறித்தவர்களும். சேரியில் நிமிர்ந்து நடக்க முடியாதவனுக்குச் சீருடை ஒரு வழி. மாதம் 11 ரூபாய் சம்பளம்.

போர் நீண்டதும் லாயக்கில்லாதவர்கள் திடீரென்று லாயக்கானார்கள். சென்னை மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 92 ஆயிரம் பேர் சேர்க்கப்பட்டனர். இவர்களில் 41 ஆயிரம் பேர் கூலிப்படை, போக்குவரத்து, மருத்துவமனை வேலை போன்ற போரிடாத பிரிவுகளுக்குப் போனவர்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் 61ஆம் பயனியர்களும் இறக்கப்பட்டார்கள். வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு வந்தவர்களை, முன்பின் தெரியாத காட்டுக்குள் எந்திரத் துப்பாக்கிகளின் முன் விட்டார்கள். தேனீக்கள் வேறு கொட்டின. ஆங்கில நூல்களில் அந்தத் தேனீக்களுக்குக் கிடைத்த இடம் பாளையங்கோட்டைச் சிப்பாய்களுக்குக் கிடைத்ததில்லை; ஓடினார்கள் என்ற ஒற்றை வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

சாப்பர்கள் அதிகம் மடிந்தது மெசபடோமியாவில், இன்றைய இராக்கில். 1917 பிப்ரவரியில் ஷும்ரான் வளைவில் எதிரியின் சூட்டுக்கு நடுவே டைக்ரிஸ் ஆற்றைக் கடந்த படையில் இவர்களும் இருந்தார்கள். குண்டுக்கு இறந்தவர்கள் மட்டுமல்லர். வாந்திபேதிக்கும் சீதபேதிக்கும் வெயிலுக்கும் இறந்தவர்கள் ஏராளம்.

இங்கிருந்துதான் கல்லின் கதை தொடங்குகிறது. 1917இல் போர்க் கல்லறைகளுக்கென ஓர் ஆணையம் லண்டனில் நிறுவப்பட்டது. இறந்த ஒவ்வொருவரும் பெயரால் நினைக்கப்பட வேண்டும், பதவியோ இனமோ மதமோ பார்த்து வேறுபாடு கூடாது என்பது அதன் கொள்கை. நல்ல கொள்கை. பிரான்சின் நவ் ஷப்பேல் நினைவகத்தில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஐரோப்பாவின் கண்ணில் படும் இடம் அது. பஸ்ராவில் 1929இல் திறந்த நினைவகத்தின் கணக்கு வேறு. அங்கே நினைக்கப்படுவோர் நாற்பதாயிரத்துக்கும் மேல். வெள்ளையரில் கடைநிலைச் சிப்பாய்க்கும் பெயர் உண்டு. இந்தியரில் அதிகாரிகளுக்குப் பெயர். மற்றவர்களுக்குப் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஓர் எண். இன்ன பிரிவைச் சேர்ந்த இத்தனை பேர், அவ்வளவுதான். அமாராவில் ஆற்றின் இடக்கரையில் உள்ள இந்தியக் கல்லறையில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். அவர்களில் அடையாளம் தெரிந்தவர்கள் ஒன்பது பேர்.

வேலூர்க் கல் தனியான அலட்சியம் அன்று என்பது அப்போது எனக்குப் புரிந்தது. அது பஸ்ராவின் சிறிய நகல்.

இதில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. வடஆர்க்காடும் செங்கமும் தருமபுரியும் தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுந்த நிலம். 1970களில் தொல்லியல் துறை செங்கம் வட்டாரத்தில் கண்டெடுத்த பல்லவர் காலக் கற்கள் ஒவ்வொன்றும் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்ப் பூசலில், எதற்காகப் பட்டான் என்று சொல்கின்றன. எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அவனோடு நின்று கள்வரைக் கடித்த நாய்க்கும் கல்லில் உருவம் உண்டு, பெயரும் உண்டு: கோவிவன். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாட்டுப் பூசலில், நாயின் பெயரைக்கூட விட்டுவிடக் கூடாது என்று எண்ணிய ஊர் அது. அதே நிலத்துப் பிள்ளைகள்தாம் பஸ்ராவில் எண்ணாக நிற்கிறார்கள்.

பழியை முழுக்க லண்டன் மேல் போட்டுவிட எனக்கு விருப்பமில்லை. இறந்தவனை நினைப்பது முதலில் அவன் படைப்பிரிவு. ஆண்டுதோறும் அவனுக்காகக் கொடி தாழ்த்துவது அதுதான். சென்னைக் காலாட்படையின் எஞ்சிய பிரிவுகள் 1922இல் ஒரே ரெஜிமெண்டாகச் சேர்க்கப்பட்டு, 1928க்குள் சிக்கனத்தின் பெயரால் கலைக்கப்பட்டன. மீண்டும் எழுப்பியது இரண்டாம் உலகப்போர் வந்த பிறகு. இடைப்பட்ட ஆண்டுகளில் நினைக்க வேண்டியவர்களே இல்லாமல் போனார்கள். ஊர் திரும்பியவர்களுக்கு இருந்த வரவேற்பும் சொல்லும்படியாக இல்லை. பெரம்பூர் ஆலைகளில் 1921இல் வெடித்த நீண்ட வேலைநிறுத்தம் சாதிச் சண்டையாகத் திரும்பியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. எரிந்த சேரிகளின் மக்களுக்கு, கடல் தாண்டிச் செத்தவனுக்குக் கல் கேட்க நேரம் ஏது?

நம் இலக்கியமும் இவர்களைப் பார்க்கவில்லை. பாரதி அப்போது புதுச்சேரியில் இருந்தார். ஜெர்மனி புகுந்த பெல்ஜியத்தை வாழ்த்திப் பாடினார். பாடியது சரியே. பஸ்ராவுக்குக் கப்பலேறிய தமிழன் யாருடைய பாட்டிலும் இல்லை. அவன் வெள்ளைக்காரனுக்காகச் சண்டையிட்டவன், தேசத்தின் கதையில் அவனுக்கு இடமில்லை என்று பின்னால் ஒரு நியாயம் பிறந்தது. பதினோரு ரூபாய்க்காகப் போனவனிடம் நாம் எதிர்பார்க்கும் இந்தத் தெளிவை, அதே வெள்ளைக்காரனிடம் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கியவர்களிடம் நாம் கேட்டதில்லை.

இரண்டாம் போரில் நிலைமை சற்று மாறியது. காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன மெட்ராஸ் சாப்பர் சுபேதார் சுப்பிரமணியன், 1944இல் இத்தாலியில் வெடிக்க இருந்த கண்ணியின் மேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காத்தார். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது. அவரையேனும் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்கத் துணிவில்லை. 2019இல் தில்லியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அவை விடுதலைக்குப் பின் இறந்தவர்களுடையவை.

பஸ்ரா நினைவகம் இப்போது முதலில் கட்டிய இடத்தில் இல்லை. சதாம் உசேன் ஆணைப்படி 1997இல் அதைக் கல் கல்லாகப் பிரித்து, நசிரியா போகும் சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலையில் மறுபடி நிறுத்தினார்கள். 2021 ஏப்ரலில் அந்தக் கல்லறை ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப்போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைக்கப்படவில்லை அல்லது அறவே நினைக்கப்படவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நூறாண்டு கழித்து.

கல்லில் விட்டுப்போனாலும் ஏடுகளில் பல பெயர்கள் இருக்கின்றன. ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் இப்போது அவற்றைத் தேடலாம். ஆங்கில எழுத்தில் உருக்குலைந்த தமிழ்ப் பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா. ஊர்ப்பெயரைத் திரும்பத் தமிழாக்குவது எளிதன்று. நான் முயன்ற சிலவற்றில் ஒரே எழுத்துக்கூட்டலுக்கு நான்கு ஊர்கள் பொருந்தின. அந்தப் பக்கத்து மண்ணை அறிந்தவர்கள் உடன் உட்கார்ந்தால்தான் நடக்கும்.

ஆகவே வேலூர், ஆரணி, செய்யாறு, வாலாஜா பக்கத்து வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். 'பட்டாளத்தார் வீடு' என்று உங்கள் தெருவில் ஒரு வீடு இருக்கலாம். அங்கே பரணில் கிடக்கும் தகரப் பெட்டியில் பழைய வெள்ளிப் பதக்கம் ஏதும் இருந்தால், மன்னரின் தலையைப் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். விளிம்பைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிலும் பாருங்கள். எண்ணும் படைப்பிரிவும், அவற்றுக்கு நடுவே ஆளின் பெயரும் சிறிய எழுத்தில் பதிந்திருக்கும்.