பேராதனைப் பூங்காவும் அரைப்பங்கு உணவும்

கண்டியை அடுத்த பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உலவுவோர் பலர், அங்கிருந்து ஒரு பெரும்போர் நெறிப்படுத்தப்பட்டதை அறியார். 1944 ஏப்ரலில், தென்கிழக்கு ஆசியக் கூட்டுப்படைத் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். இம்பாலையும் கொஹிமாவையும் ஜப்பானியர் முற்றுகையிட்டிருந்த நாட்கள் அவை.

ஆயிரக்கணக்கானோர் பணியாற்றிய அத்தலைமையகம் களத்துக்கு வெகு தொலைவில், சுகமான இடத்தில் இருக்கிறது என்று அந்நாளிலேயே குறை கூறப்பட்டது. மவுண்ட்பேட்டன் முன்னணிக்குச் சென்று சிப்பாய்களிடம் நேரில் பேசியதையும் சொல்லத்தான் வேண்டும்.

களத்தில் 14ஆவது படையை நடத்தியவர் வில்லியம் ஸ்லிம். அப்படையில் பெரும்பாலோர் இந்தியர்கள். தலைமை பற்றிய தம் அனுபவங்களை 1956இல் வெளியான நூலில் அவர் விரிவாக எழுதினார். முன்னணியில் அரைப்பங்கு உணவு என்றால், தம் அலுவலகத்துக்கும் அரைப்பங்குதான்.

1943இல், காயமுற்றுக் களத்திலிருந்து அகற்றப்பட்ட ஒருவருக்கு, நோயுற்று அகற்றப்பட்டோர் 120 பேர். மலேரியா மாத்திரையைச் சிப்பாய்கள் விழுங்குகிறார்களா என்று திடீர்ச் சோதனைகள் நடந்தன. விழுங்கியோர் 95 விழுக்காட்டுக்குக் குறைந்தால் பதவி இழந்தவர் கட்டளை அதிகாரியே, சிப்பாய் அல்லர். மூவரை நீக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது.

வரைபடம் படிக்கப் பயிற்சிப் பள்ளியில் கற்கலாம். ஆனால், தம் ஆட்கள் உண்டபின் உண்பவரே அதிகாரி என்ற ஸ்லிமின் பாடத்தை, மேலே இருப்பவர் நடந்து காட்டினால்தான் கீழே இருப்பவர் கற்பார்.