இருட்டறைக்குள் ஒரு நொடி வெளிச்சம்

ஒண்டுக் குடித்தனம் என்று தமிழில் ஒரு சொல் உண்டு. நியூயார்க் மாநகரின் ஒரு பகுதியான லோயர் ஈஸ்ட் சைடில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடியேறிய ஜெர்மானியர், யூதர், இத்தாலியர் ஆகியோர் வாழ்ந்த வாழ்வுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை. ஒரு வீட்டில் மூன்று அறைகள்; தெருவையோ கொல்லையையோ பார்த்த ஓர் அறைக்கே வெளிச்சம். மற்றவற்றில் பகலிலும் இருள்.

அந்த இருளைப் படம்பிடித்தவர் ஜேக்கப் ரீஸ். 1849இல் டென்மார்க்கில் பிறந்து, 1870இல் அமெரிக்கா வந்து, வேலையற்றுத் திரிந்து, காவல் நிலையங்களின் இலவசத் தங்குமிடங்களில் படுத்தெழுந்த பின்னரே அவர் செய்தியாளரானார். சேரிகளைப் பற்றி எவ்வளவு எழுதியும் எவரும் அசையவில்லை. 1887இல் ஒருநாள், வெளிச்சப் பொடியைக் கொளுத்தி இருளிலும் படமெடுக்கலாம் என்ற நான்கு வரிச் செய்தியைக் கண்டார். முதலில் அந்தப் பொடியைக் கைத்துப்பாக்கியில் இட்டு வெடித்தார். நள்ளிரவில் துப்பாக்கியோடு நுழைபவரைக் கண்டு மக்கள் அலறி ஓடவே, பின்னர் வறுவல் சட்டியில் வைத்துக் கொளுத்தலானார்.

பேயார்டு தெருவில் அவர் எடுத்த படம் புகழ்பெற்றது. பதின்மூன்று அடிக்கும் குறைந்த அறையில் ஆணும் பெண்ணுமாகப் பன்னிருவர் படுத்திருந்தனர். ஓர் இரவுக்கு, ஒருவருக்கு, ஐந்து சென்ட். திடீர் வெளிச்சத்தில் கண் கூசி விழித்த முகங்களே படத்தில் உள்ளன. பலரிடம் அவர் இசைவு கேட்டதில்லை. ஒருமுறை பார்வையற்ற ஐவர் இருந்த மாடியறையில் பொடியின் தீ சுவரில் தொங்கிய தாள்களையும் கந்தல்களையும் பற்றிக்கொண்டது. தாமே அதை அடித்து அணைத்ததாக ரீஸ் எழுதியிருக்கிறார். தமக்கு நேரவிருந்தது இன்னதென்று அந்த ஐவரும் அறியார்.

1890இல் வெளிவந்த அவருடைய நூல் நகரை உலுக்கியது. இழிபெயர் பெற்ற மல்பெரி வளைவு இடிக்கப்பட்டு, 1897இல் அங்கே பூங்கா திறக்கப்பட்டது. ஆயினும் சீனரையும் யூதரையும் பற்றி அந்நூலில் அவர் எழுதிய வரிகளை இன்று கூச்சமின்றிப் படிக்க இயலாது. இரக்கமும் இளக்காரமும் ஒரே பேனாவிலிருந்து வந்திருக்கின்றன. இதை மறைத்து அவரைப் போற்றுவோர் அவருக்கு நன்மை செய்வோர் அல்லர்.

1914இல் ரீஸ் மறைந்தபின் அந்தப் படங்களை நினைப்பாரில்லை. அலெக்சாண்டர் ஆலண்ட் என்னும் புகைப்படக் கலைஞரின் விடாமுயற்சியால், 400க்கு மேற்பட்ட கண்ணாடித் தகடுகள் 1946இல் நியூயார்க் நகர அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அடுத்த ஆண்டு அங்கே கண்காட்சி நடந்தது. எடுத்தவர் பெயர் நிலைத்தது. எடுக்கப்பட்டவருள் மிகப் பெரும்பாலோருக்குப் பெயரே இல்லை.

பெயர்கள் கிடைத்தது வேறோர் இடத்தில். ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடம் 1863இல் எழுந்தது. கட்டியவர் லூகாஸ் கிளாக்னர் என்னும் ஜெர்மானியத் தையற்காரர். ஏறத்தாழ 7,000 பேர் அதில் வாழ்ந்துள்ளனர் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். புதிய பாதுகாப்பு விதிகளின்படி கட்டடத்தைச் செப்பனிட மனமின்றி, 1935இல் உரிமையாளர் குடித்தனங்களை வெளியேற்றி மேல்மாடிகளை அடைத்துவிட்டார். கீழே கடைகள் மட்டும் நடந்தன. ஐம்பதாண்டுகளுக்குப் பின் கதவு திறந்தபோது, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய சுவர்த்தாள்கள் அப்படியே இருந்தன. 1988இல் ரூத் ஏப்ராமும் அனிதா ஜேக்கப்சனும் குடித்தன அருங்காட்சியகத்தைத் தோற்றுவித்தனர்.

புதுப்பித்தவர்கள் படங்களை மட்டும் நம்பவில்லை. மக்கள்தொகைக் கணக்கேடுகளையும் நீதிமன்றத் தாள்களையும் புரட்டினர். அவ்வாறு கிடைத்தவர்களுள் ஒருவர் நாட்டலி கம்பர்ட்ஸ். 1874இல் கணவர் ஜூலியஸ் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. நாட்டலி தையல் தைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். மாமனார் விட்டுச்சென்ற 600 டாலர் கிடைக்கவேண்டுமெனில் கணவர் இறந்தவராக அறிவிக்கப்படவேண்டும். 1883இல் வழக்கு நடந்தது. வீட்டுக்காரர் கிளாக்னரே சாட்சி சொன்னார். ரீஸின் வெளிச்சப் பொடி எரிவதற்கு நான்காண்டுகள் முன்பே, அறையின் இருளையன்றி அதில் இருந்தவரின் துயரத்தைக் காட்டும் பதிவு அந்த நீதிமன்றத் தாளில் உருவாகிவிட்டது.

அந்தக் குடித்தனம் தையற் சாமான்களோடு மீண்டும் உருவாக்கப்பட்டது. ஆனால் கட்டடத்தின் எல்லா அறைகளையும் அவர்கள் புதுப்பிக்கவில்லை. சிலவற்றைக் கதவு திறந்தபோது கண்ட நிலையிலேயே, சுண்ணம் உதிர்ந்த சுவரும் உரிந்த தாளுமாக விட்டுவைத்திருக்கிறார்கள்.