நெஞ்சக நிழல்

கழுத்தில் நெறி கட்டினால் தாயின் விரலே அதனைக் கண்டுகொள்ளும். அது வரிசையாகத் திரண்டு நின்றால் கண்டமாலை என்றனர் நம் முன்னோர். மார்புக் கூட்டினுள்ளே, மூச்சுக் குழல் கிளை பிரியுமிடத்தில் இருக்கும் நிணநீர்க் கணுக்கள் வீங்கினால் எவர் விரல் தொட்டறியும்? 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டறியும்வரை, பிணத்தை அறுத்தே அவ்வீக்கத்தைக் காண முடிந்தது.

குழந்தைகளின் காச நோயில் நுரையீரலில் ஒரு சிறு புண்ணும், அதே பக்கத்து நுரையீரல் வேரில் வீங்கிய கணுவும் இணைந்திருப்பதை 1912-இல் ஆன்டன் கோன் விரித்தெழுதினார். எனவே, படத்தில் நுரையீரல் வேர் தடித்துத் தோன்றினால் மருத்துவர் மனம் முதலில் காசத்தையே நாடிற்று. எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோன நோயாயிற்றே!

ஸ்வீடன் நாட்டிலே இளம் பெண்கள் சிலர்க்குக் காய்ச்சலும் கணுக்கால் வலியும் வரும். முழங்காலுக்குக் கீழே நோவுடைய செந்தடிப்புகள் தோன்றும். மார்பைப் படமெடுத்தால் இரு பக்கத்துக் கணுக்களும் பருத்துத் தெரியும். அத்தடிப்பைக் காசத்தின் அடையாளமென்றே அங்கு நெடுநாள் கருதினர். காசம் என்னும் சொல் ஒரு பெண்ணின் வாழ்வில் என்னென்ன செய்யும் என்பதை நேயர்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

ஸ்வென் லோஃப்கிரென் என்ற மருத்துவர், இத்தடிப்புடைய வயதுவந்தோர் 185 பேரை ஆராய்ந்து 1946-இல் நூலொன்று வெளியிட்டார். இரு பக்கமும் ஒத்து வீங்கியவருள் பலர்க்கு, காசத் தொற்றைக் காட்டும் டியூபர்குலின் ஊசி போட்ட இடத்தில் தோல் தடிக்கவில்லை. அவர்களுடைய நோய் சார்காய்டோசிஸ் என்னும் வேறொன்றின் தொடக்கம் என்று அவர் கண்டார். அவருள் பெரும்பாலோர்க்கு வீக்கம் தானாகவே வடிந்துவிடும். இன்று இவ்வறிகுறிக் கூட்டம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

புதுக் கருவி ஒன்றும் அவர் செய்தாரில்லை. பிறர் பார்த்த படத்தையே பார்த்தார். நோயாளியின் காலையும் கையையும் சேர்த்துப் பார்த்தார். இரு மாணவர் ஒரே விடையை எழுதியிருப்பினும் வழியைக் கேட்டறிவது எங்கள் தொழிலின் வழக்கம். அதனாலோ என்னவோ, இவரிடம் எனக்குத் தனிப் பற்று.

நிழல் கணுவின் பருமனைச் சொல்லும், உள்ளிருப்பதைச் சொல்லாது. ஹாட்ஜ்கின் நோய் என்னும் புற்றும் மார்பு நடுவே அப்படித்தான் பருத்துத் தோன்றும். இதயத்தின் மறைவிலுள்ள சிறு கணுவோ படத்தில் அகப்படாமலே போகலாம். 1971-இல் லண்டனில் முதன்முதல் நோயாளிக்குப் பயன்பட்ட சி.டி. கருவி அம்மறைவைப் பிற்காலத்தில் நீக்கிற்று. ஐயம் தீராதவிடத்து, கணுவில் சிறு துணுக்கெடுத்து நுண்பெருக்கியில் நோக்குகின்றனர். காய்ச்சல், கணுக்கால் வலி, செந்தடிப்பு, இருபக்க வீக்கம் ஆகிய நான்கும் கூடிவரின் அத்துணுக்கும் பெரும்பாலும் வேண்டுவதில்லை என்பர். காசம் மிகுந்த நம் நாட்டிலோ, அந்நான்கையும் கண்ட பின்னரும் சளியைச் சோதிக்கவே மருத்துவர் முற்படுவர்.