ஆறு ஷில்லிங் விவகாரம்

இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள யார்க்ஷயர், லங்காஷயர் பிரதேசங்களில் கம்பளி ஆலைகளும் பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் பெருகிச் செழித்திருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சனிக்கிழமைப் பந்தயத்துக்காக வேலையை விட்டுப் புறப்பட்ட தொழிலாளி, அந்த நேரத்துக்குரிய கூலியைப் பறிகொடுத்துத்தான் ரக்பி ஆட வேண்டியிருந்தது. அந்த நஷ்டத்துக்கு ஈடாக நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரையில் கொடுக்கலாமென்று வடவர்கள் கேட்டனர். ஆட்டத்துக்குச் சம்பளம் கேட்கவில்லை. இழந்த கூலியைத்தான் கேட்டனர். 1893-ல் லண்டனில் கூடிய, ஆட்டத்தை நிர்வகித்து வந்த ரக்பி யூனியனின் மகாசபை, 282 வாக்குகளுக்கு 136 என்ற கணக்கில் அந்தக் கோரிக்கையை நிராகரித்தது. பிதிரார்ஜித சொத்தில் ஜீவிக்கும் கனவான்களுக்குப் பணத்தை இகழ்ந்து பேசுவதில் சிரமம் என்ன இருக்கிறது?

1895 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் 20-க்கும் மேற்பட்ட கழகங்களின் பிரதிநிதிகள் ஒன்றுகூடி, வட யூனியன் என்னும் தனி ஸ்தாபனத்தை ஏற்படுத்தினர். 1922-ல் ரக்பி லீக் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஸ்தாபனம் இதுவே. 1898-ல் இது ஊதிய ஆட்டத்தையே பகிரங்கமாக அனுமதித்தது. ஆயினும், ஆட்டக்காரன் வேறொரு யோக்கியமான உத்தியோகத்தில் நிலையாக இருந்தாலொழிய களத்தில் இறங்கலாகாது என்றும், பில்லியர்ட்ஸ் மேஜையருகே நின்று கணக்குச் சொல்லும் வேலையும் மதுக்கடையில் பரிசாரக வேலையும் யோக்கியமான உத்தியோகங்கள் ஆகமாட்டா என்றும் விதித்தது. கனவான்களின் வறட்டுக் கௌரவத்தை எதிர்த்து வெளியேறியவர்களே அதில் ஒரு பிடியைக் கையோடு கொண்டுவந்துவிட்டது விசித்திரந்தான். இந்த விதி 1905-ல் நீங்கியது. ஆனால் சுரங்கமும் ஆலையும் ஆட்டக்காரனை விடவில்லை. கழகம் கொடுத்த பணம், வென்றால் ஒரு தொகை, தோற்றால் அதினும் சிறியதொரு தொகை என்றிருந்தபடியால், அதைக் கொண்டு மட்டும் குடும்பம் நடத்துவது அநேகருக்கு அசாத்தியமாயிருந்தது.

பணம் கொடுத்துப் பார்க்க வருகிறவர்களைத் திருப்தி செய்தாக வேண்டுமே! பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்துக்காக இரு வரிசையாக நின்று தாவும் முறையை 1897-ல் எடுத்துவிட்டார்கள். 1906-ல் அணிக்குப் 15 பேர் என்பதைப் 13 ஆக்கினார்கள். கழிக்கப்பட்ட இருவரும் முன்வரிசைக்காரர்களே. பிடிபட்டவன் எழுந்து பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னே தள்ளி ஆட்டத்தைத் தொடரும் முறையும் அப்போதே வந்தது. எட்டுப் பேராகக் குவிந்து முண்டித் தள்ளுவதே பிரதானமாயிருந்த முன்வரிசைக்காரனின் தொழில், இனி அறுவராக நின்று ஓயாமல் மோதுவதும், விழுவதும், விழுந்த இடத்திலிருந்தே எழுந்து ஓடுவதுமாக மாறிற்று.

இந்தப் புதிய தொழிலுக்கென்றே சிருஷ்டிக்கப்பட்டவர் போலிருந்தவர் டக்ளஸ் கிளார்க். கம்பர்லாந்தின் மேரிபோர்ட் துறைமுகத்தை அடுத்த எல்லன்பரோவில் 1891-ல் பிறந்து, தகப்பனாரின் நிலக்கரி வியாபாரத்தில் உழைத்து, நாட்டு மல்யுத்தத்திலும் தேர்ந்த அவர், 1909-ல் ஹடர்ஸ்ஃபீல்டு கழகத்தில் சேர்ந்தார். 1914 ஜூலை 4-ஆம் தேதி, எட்டே நாட்களுக்குள் மூன்றாவது டெஸ்டாக ஸிட்னியில் ஆஸ்திரேலியாவைச் சந்தித்த பிரிட்டிஷ் அணி, அடிபட்டவர்களை ஒவ்வொருவராக இழந்து, மாற்று ஆட்டக்காரரை இறக்க விதியில் இடமில்லாததால் பத்துப் பேராகக் குறுகியது. கட்டை விரல் முறிந்தும் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடிய கிளார்க், பிற்பாடு காறை எலும்பும் முறிந்து, மீண்டும் ஆட முயன்று முடியாமல், கண்ணீரோடு வெளியேறினார். ஆள் பஞ்சத்தால் ஓரத்தில் நிறுத்தப்பட்ட ஜான்சன் என்ற முன்வரிசைக்காரர், பந்தைக் காலாலேயே உருட்டிக்கொண்டு பாதி மைதானம் ஓடிப் புள்ளி சேர்த்தார். பிரிட்டன் 14–6 என்று வென்ற அந்தப் பந்தயத்துக்கு, 1879-ல் ஜூலுக்களை ஒரு சிறு பிரிட்டிஷ் படை எதிர்த்து நின்ற இடமாகிய ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்பதே பெயராக நிலைத்தது.

அடுத்த பருவத்தில் ஹடர்ஸ்ஃபீல்டு நான்கு கோப்பைகளையும் கைப்பற்றியது; அதற்குள் மகாயுத்தமும் தொடங்கிவிட்டிருந்தது. ராணுவ வாகனப் பிரிவில் சேர்ந்த கிளார்க், 1917-ல் பாஷண்டேல் களத்தில் விஷவாயுவால் தாக்குண்டார். வீரத்துக்கான பதக்கமும் பெற்றார். அத்தகைய சுவாசப்பையுடன் ஒரு மனிதர் திரும்பி வந்து, 1920-ல் மறுபடியும் ஆஸ்திரேலிய யாத்திரை சென்று, 1929 வரையில் ஹடர்ஸ்ஃபீல்டுக்காக ஆடினாரென்பதை, சாட்சியங்கள் இல்லாவிடில் நான் நம்பியிருக்கமாட்டேன். ஆட்டத்தை விட்ட பின்னும் அவர் ஓயவில்லை. 1930-களில் மல்யுத்த கோதாவில் இறங்கிச் சம்பாதித்தார். 1951-ல் காலமானார்.

அவருக்குப் பின் வந்த தலைமுறைகளிலும், சுரங்கத்தில் வாரமெல்லாம் கரி வெட்டிவிட்டுச் சனிக்கிழமை முன்வரிசையில் முண்டியவர்கள் பலர். 1980-களின் பிற்பகுதியில் விகன் கழகம் முழுநேர ஆட்டக்காரர்களை அமர்த்தி வழி காட்டியது. 1995-ல் தொலைக்காட்சிக்காக ஊடக அதிபர் முர்டாக்கின் நிறுவனம் 8 கோடியே 70 லட்சம் பவுனுக்கு ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே, 1996-ல் ஆரம்பமான சூப்பர் லீகில் ஆட்டம் பெரும்பாலோருக்கு முழு ஜீவனோபாயமாயிற்று. ஆறு ஷில்லிங் கொடுக்க மறுத்த எதிர்த் தரப்பும், பிரிவினைக்கு நூறு ஆண்டு நிறைவதற்கு மூன்று நாட்களே இருக்கையில், 1995 ஆகஸ்ட் 26-ஆம் தேதி பாரிஸில் கூடி, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாமென்று அறிவித்தது.