கொடுத்துவிட்டுத் தவித்த விமானம்: விக்டர் டேங்கரும் 1982-ஆம் ஆண்டு ஃபாக்லாந்து போரும்



போர் வரலாறு என்றால் குண்டு போட்ட விமானத்தின் பெயர்தான் நினைவில் நிற்கும். அந்த விமானம் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யாராவது கேட்டிருக்கீங்களா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பின்னணி

வானத்தில் எரிபொருள் நிரப்புவது புதிய யோசனை அல்ல. 1923-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ராணுவ விமானிகள் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்குக் குழாயைத் தொங்கவிட்டு இதைச் செய்து காட்டினார்கள். 1949-இல் ‘லக்கி லேடி 2’ என்ற விமானம் நடுவானில் நான்கு முறை எரிபொருள் பெற்று, எங்கும் இறங்காமல் 94 மணி நேரத்தில் உலகைச் சுற்றி வந்தது.

பிரிட்டன் பயன்படுத்திய முறை எளிமையானது. டேங்கர் விமானம் நீண்ட குழாயைப் பின்னால் விடும். குழாயின் நுனியில் கூடை போன்ற ஒரு புனல் இருக்கும். பின்னால் வரும் விமானம் தன் மூக்கில் நீட்டியிருக்கும் குழலை அந்தக் கூடைக்குள் செருக வேண்டும். கேட்க சுலபமாத்தான் இருக்கு. காற்று அலைக்கழிக்கும்போது அந்தக் கூடை ஓரிடத்தில் நிற்காது!

விக்டர், அணுகுண்டு வீசுவதற்காக உருவாக்கப்பட்ட விமானம். 1952-இல் முதன்முதலாகப் பறந்தது. 1965-இல் வேலியன்ட் டேங்கர்கள் உலோகச் சோர்வால் ஓய்வு பெற்றபோது, அந்தப் பணி விக்டருக்கு வந்தது. சிங்கப்பூருக்கும் இதில் தொடர்பு உண்டு. 1967-இல் பிரிட்டனின் லைட்னிங் போர் விமானங்கள் தெங்கா தளத்துக்கு வந்து சேர்ந்ததும் விக்டர் டேங்கர்களின் உதவியால்தான். லைட்னிங் வேகமானது, ஆனால் நெடுந்தூரம் பறக்க அதன் எரிபொருள் போதாது.

கணக்கு எங்கே இடிக்கிறது?

1982 ஏப்ரல் 2-ஆம் தேதி அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளைக் கைப்பற்றியது. அங்குள்ள ஸ்டான்லி விமான ஓடுபாதையைத் தாக்க பிரிட்டன் முடிவு செய்தது. மிக அருகில் கிடைத்த தளம் அசென்ஷன் தீவு. அருகில் என்றாலும் தூரம் சுமார் 6,300 கிலோமீட்டர்! போய்த் திரும்பும் அளவுக்கு வல்கன் குண்டுவீச்சு விமானத்தில் எரிபொருள் கிடையாது.

டேங்கரை அனுப்பலாமே என்பீங்க. ஆனால் டேங்கரும் பறக்கும்போது எரிபொருளை எரிக்கிறதே! அதனால் டேங்கருக்கே இன்னொரு டேங்கர் எரிபொருள் கொடுக்க வேண்டும். நம் பள்ளி விளையாட்டுப் போட்டியின் அஞ்சல் ஓட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விக்டரும் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, வீடு திரும்பத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பிவிடும்.

அந்த இரவு

ஏப்ரல் 30 இரவு 11 விக்டர்களும் 2 வல்கன்களும் புறப்பட்டன. முதன்மை வல்கனின் சன்னல் சரியாக மூடவில்லை. உள்ளே காற்றழுத்தம் நிற்காததால் அது திரும்பியது. மாற்றாக வந்த மார்ட்டின் விதர்ஸின் வல்கன் பொறுப்பேற்றது. சுமை அளவுக்கு அதிகம் என்பதால் அது எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக எரிபொருளைக் குடித்தது.

கடைசிக் கட்டத்தில் புயல். ஒரு விக்டர் இன்னொரு விக்டரிடமிருந்து எரிபொருள் பெற்றுக்கொண்டிருந்தபோது, பெற்ற விமானத்தின் குழல் முறிந்தது. உடனே இரண்டும் இடம் மாறின. கொடுத்துக்கொண்டிருந்த பாப் டக்ஸ்ஃபர்டின் விக்டர், கொடுத்ததைத் திரும்பப் பெற்று, வல்கனுடன் தொடர்ந்தது.

இப்போது டக்ஸ்ஃபர்ட் முன் இரண்டே வழி. தன் விமானம் திரும்பத் தேவையான எரிபொருளை வைத்துக்கொண்டால் தாக்குதல் ரத்து. கொடுத்துவிட்டால், அசென்ஷன் வரை போக முடியாமல் கடலில் விழ நேரிடும். தன் குழுவினரிடம் கேட்டார். அவர்களும் சம்மதித்தார்கள். கொடுத்தார்.

அதோடு முடியவில்லை. வானொலியில் பேசினால் எதிரிக்குத் தெரிந்துவிடும். ஆகவே குண்டு விழுந்த செய்தி வரும்வரை உதவிகூடக் கேட்காமல் பறந்தார்கள். செய்தி வந்த பிறகே அழைத்தார்கள். இன்னொரு டேங்கர் எதிரே வந்து காப்பாற்றியது. வல்கனும் திரும்பும் வழியில் வேறொரு விக்டரிடம் எரிபொருள் பெற்று, ஏறக்குறைய 16 மணி நேரப் பயணத்துக்குப் பிறகு தரையிறங்கியது.

பலன் என்ன?

வீசியது 21 குண்டுகள். ஓடுபாதையைத் தாக்கியது ஒன்று. சரக்கு விமானங்கள் போர் முடியும்வரை அங்கே இறங்கிக்கொண்டுதான் இருந்தன. இது வீண் முயற்சி என்பார் ஒரு சாரார். தாய்நாடே தாக்கப்படலாம் என்ற அச்சத்தை அர்ஜென்டினாவுக்கு இது ஊட்டியது என்பார் மறுசாரார்.

தேர்வு எழுதும் மாணவர்களே, இங்கேதான் கவனம் வேண்டும். ‘வெற்றி’, ‘தோல்வி’ என்று ஒரே சொல்லில் முடிக்காதீங்க. எதை அளந்து வெற்றி என்கிறோம் என்பதை முதலில் எழுதுங்கள். ஓடுபாதைச் சேதமா? எதிரியின் மனத்தில் விழுந்த பயமா? அளவுகோல் மாறினால் விடையும் மாறும்.

வகுப்பில் கலந்துரையாட:

1. டேங்கர் இல்லாவிட்டால் பிரிட்டனின் திட்டம் எங்கே நின்றிருக்கும்? காரணங்களுடன் விளக்குக.
2. டக்ஸ்ஃபர்ட் எடுத்த முடிவு சரியா? இரு தரப்பு வாதங்களையும் எழுதுக.