குழந்தைப்பேறின்மை

கருத்தடை ஏதுமின்றி ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காத நிலை. பெண்ணுக்கு 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கருமுட்டை வெளிப்படாமை, கருக்குழாய் அடைப்பு, விந்தணுக் குறைவு ஆகியவை முக்கியக் காரணங்கள். குறை கணவரிடம் இருக்கும்போதும் பழி மனைவிமேல் விழுவது பெருங்கொடுமை. எளிதான விந்துப் பரிசோதனையை முதலிலேயே செய்துவிட வேண்டும்.

மாத்திரையும், கருப்பைக்குள் விந்தணு செலுத்துதலும் பலிக்காதபோது சோதனைக்குழாய் முறை கைகொடுக்கலாம். ஊசிமருந்தால் முட்டைகளை வளர்த்து, உறிஞ்சி எடுத்து, ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்ப்பார்கள். 3 முதல் 5 நாள் வளர்ந்த கருவைக் கருப்பைக்குள் வைப்பார்கள். சோதனைக்குழாய் முறையில் உருவான முதல் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். எல்லோருக்கும் முதல் முறையிலேயே பலன் கிடைப்பதில்லை. இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 50 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கும் 55 வயதுக்குட்பட்ட ஆணுக்குமே இச்சிகிச்சை அளிக்கலாம்.