வாடிக்கையாளர் விசுவாச மின்னஞ்சலின் பொருள் வரி

வாடிக்கையாளர் விசுவாச மின்னஞ்சலின் பொருள் வரி என்பது, ஒரு நிறுவனம் தன்னிடம் முன்பே சரக்கு வாங்கியவர்களுக்கு அனுப்பும் மடலின் தலைப்பகுதியில் இடம்பெறும் ஒற்றை வரியாகும். மடலைத் திறக்கலாமா, அழிக்கலாமா என்பதை அனுப்புநரின் பெயரையும் இவ்வரியையும் கொண்டே பெரும்பாலோர் முடிவு செய்கின்றனர். புதியவர்களை ஈர்க்கும் விளம்பர மடலிலிருந்து இது வேறுபட்டது. இங்குப் பெறுநர் அனுப்புநரை ஏற்கனவே அறிவார். ஆகவே ஆவலைத் தூண்டும் சொல்லாட்சியை விட, வரியில் சொன்னது மடலுக்குள் இருக்கிறதா என்பதே முதன்மை பெறுகிறது.

வரலாறு

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் அலுவல் கடிதத்தில் அனுப்புநர், பெறுநர் ஆகியவற்றுக்குப் பின் "பொருள்" என்ற வரி வரும். மின்னஞ்சலின் பொருள் வரியும் இதே பணியையே செய்கிறது. 1973 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 561 என்ற ஆவணம், அனுப்புநர், நாள், பொருள் ஆகிய தலைப்பு வரிகளை வலையமைப்பு மடல்களுக்குச் சீர்தரமாக முன்மொழிந்தது. அதை எழுதிய நால்வருள் ரே டாம்லின்சனும், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த அபய் பூஷணும் அடங்குவர்.

தமிழில் பொருள் வரி

மின்னஞ்சல் தலைப்புகள் முதலில் ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்றன. 1996 இல் வந்த ஆர்எஃப்சி 2047, பிற எழுத்துகளைக் குறியேற்றிய சொற்களாக மாற்றி அனுப்ப வழிசெய்தது. ஆயினும் தமிழுக்கு டிஸ்கி, தாப், தாம் எனப் பல குறியேற்றங்கள் புழங்கிய காலத்தில், அனுப்புநரும் பெறுநரும் ஒரே குறியேற்றத்தைப் பயன்படுத்தாவிடில் பொருள் வரி வெறும் குறிகளாகவே தெரிந்தது. ஒருங்குறி பரவிய பின் இச்சிக்கல் பெரிதும் தீர்ந்தது.

எனினும் நீளம் கவனிக்கத்தக்கது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியிடமும் 3 பைட்டுகள் கொள்ளும். "கார்த்திகை" என்பது எண்ணுவதற்கு 5 எழுத்து. கணினிக்கு 10 குறியிடம், 30 பைட்டு. குறியேற்றிய சொல் ஒன்று 75 வரியுருக்களைத் தாண்டக்கூடாது என்பதால், பேஸ்64 முறையில் அதனுள் அடங்குவது 15 தமிழ்க் குறியிடங்களே. நீண்ட வரி பல துண்டுகளாகச் செல்லும். ஒரு குறியிடத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவே வெட்டும் பிழையான மென்பொருள், வரியில் கேள்விக்குறிகளைத் தூவிவிடும். மடல் அனுப்பும் நிரலைத் தெரிவு செய்வோர் முதலில் நீண்ட தமிழ் வரி ஒன்றை அனுப்பிப் பார்ப்பது நலம்.

இரண்டாவது இடர் இலக்கணம் சார்ந்தது. தமிழில் வினை இறுதியில் வரும். கைபேசித் திரையோ வரியின் இறுதியைத்தான் வெட்டுகிறது. "உங்கள் கணக்கில் உள்ள 240 புள்ளிகள் இம்மாத இறுதியில் காலாவதியாகின்றன" என்ற வரியில் முதன்மையான சொல்லே மறைந்துபோகும். "காலாவதி மார்ச் 31: உங்கள் 240 புள்ளிகள்" என்பது வெட்டுப்பட்டாலும் பொருள் தரும். (பூட்டிய திரையிலும் பொருள் வரி தெரியும் என்பதால், புள்ளிக் கணக்கை அதில் இடுவது தக்கதா என்பதும் எண்ணத்தக்கது.)

மூன்றாவது, பெயரைப் பொருத்துதல். பெயருக்குப் பின் "க்கு" என்ற உருபை நிரல் தானாக ஒட்டினால் "மணிக்கு" சரியாக அமையும். ஆனால் "குமார்க்கு", "கவிதாக்கு" என்றும் வரும். குமாருக்கு, கவிதாவுக்கு என்று புணர்ச்சியறிந்து எழுத எளிய நிரலால் இயலாது. பெயரை மாற்றாமல் விட்டு "அவர்களுக்கு" என்று சேர்ப்பது எல்லாப் பெயருக்கும் பொருந்தும்; மரியாதையும் குறையாது.

எடுத்துக்காட்டு: விருத்தாசலம் பீங்கான் தொழில்

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகள், அகல் விளக்குகள், மின்காப்புப் பொருட்கள் ஆகியவற்றைச் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் உள்ளன. இத்தகைய ஒரு கூடம் பழைய வாடிக்கையாளர்களுக்கு மடல் எழுதுவதாகக் கொள்வோம். "மாபெரும் சலுகை! தவறவிடாதீர்கள்!!!" என்ற வரியை எந்தக் கடையும் எழுதலாம், அதில் விருத்தாசலமும் இல்லை, வாங்கியவரும் இல்லை.

கொலு வைப்போரிடையே ஆண்டுதோறும் ஒரு புதிய பொம்மையேனும் சேர்க்கும் வழக்கம் உண்டு. எனவே "உங்கள் கொலுவுக்கு: சென்ற ஆண்டுத் தொகுதியுடன் சேரும் 3 பொம்மைகள்" என்பது, அவர் வாங்கியதை நினைவில் வைத்திருக்கும் வரி. அகல் வாங்கியவருக்கு "கார்த்திகை அகல்: பழைய வாடிக்கையாளர் முன்பதிவு இன்று தொடக்கம்" போதுமானது. மின்காப்புப் பொருள் வாங்கும் ஒப்பந்தக்காரருக்குப் பண்டிகை வாழ்த்தினால் பயனில்லை. அவருக்கு அளவும் விலையும் தேவை. மூவருக்கும் ஒரே வரியை அனுப்புவதே இம்மடல்களில் அடிக்கடி காணப்படும் குறை.

சட்டமும் வடிகட்டிகளும்

"இன்றே கடைசி" என்று எழுதிவிட்டு மறுநாளும் சலுகையை நீட்டிப்பது பழைய வணிக உத்தி. இந்தியாவில் 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட இருண்ட வடிவமைப்புகள் பற்றிய வழிகாட்டு நெறிகள், இத்தகைய பொய்யான அவசரத்தைத் தடைசெய்யப்பட்ட 13 உத்திகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன. அமெரிக்காவில் 2003 ஆம் ஆண்டின் கேன்-ஸ்பாம் சட்டம் ஏமாற்றும் பொருள் வரியைத் தடைசெய்கிறது. ஓல்டு நேவி நிறுவனத்தின் மடல்கள் சலுகை முடியும் நாளைப் பொய்யாகக் கூறின என்று தொடுக்கப்பட்ட வழக்கில், வாசிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், பொருள் வரியில் உள்ள எந்தப் பொய்யான தகவலும் அம்மாநிலச் சட்டத்துக்கு முரணானதே என்று 5-4 என்ற கணக்கில் விளக்கமளித்தது. புலம்பெயர் தமிழர் மிகுந்த கனடாவிலும் 2014 முதல் இதையொத்த தடை உள்ளது.

சிறு வணிகருக்குச் சட்டத்தை விட எரித வடிகட்டியே உடனடி அச்சம். 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஜிமெயில் விதிகள், எரிதம் என்று பெறுநர் முறையிடும் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது என்கின்றன. 300 பேருக்குச் சென்ற மடலில் ஒருவர் முறையிட்டாலே அவ்வளவு கடந்துவிடும். அதன்பின் அனுப்பும் மடல்கள், விலைப்பட்டியலும் கட்டண நினைவூட்டலும் உட்பட, எரிதப் பெட்டிக்குச் செல்லக்கூடும். உரையாடல் ஏதும் நடவாதபோது "மறு:" என்று தொடங்கும் வரி இத்தகைய முறையீட்டை வரவழைக்கும்.

அளவீடு

இரு வரிகளைத் தனித்தனிக் குழுக்களுக்கு அனுப்பி ஒப்பிடுவது பரவலான முறை. 2012 அமெரிக்கத் தேர்தலில் ஒபாமா தரப்பு இவ்வாறு சோதித்துத் தேர்ந்த, "என்னை விட எதிர்த்தரப்பு அதிகம் செலவிடும்" என்ற கருத்துடைய வரி 26 இலட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. அதற்குப் பெரும் பட்டியல் தேவை. 150 பேர் கொண்ட இரு குழுக்களில் ஒன்றில் 30 பேரும் மற்றதில் 36 பேரும் திறந்தால், அவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம்.

மேலும், மடல் திறக்கப்பட்டதை மறைபடம் ஒன்று தரவிறக்கப்படுவதைக் கொண்டே கணிக்கின்றனர். 2021 இல் ஆப்பிள் நிறுவனம் படங்களை முன்கூட்டியே தரவிறக்கும் வசதியை அறிமுகப்படுத்தியபின், திறக்காத மடலும் திறந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. எனவே மறுமொழிகள், மீண்டும் வாங்கியோர், பட்டியலிலிருந்து விலகியோர் ஆகியோரின் எண்ணிக்கையே இன்று நம்பத்தக்க அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன.